படித்துவிட்டு ஒப்புக்கொண்டவள்

அச்சுதனுக்கு நான்கு மொழிகள் தெரியும். நான்கிலும் ‘முடியாது’ என்று மட்டும் சொல்லத் தெரியாது. வீட்டில் தமிழ், கடையில் மராத்தி, ஆட்டோவில் இந்தி, வாடிக்கையாளரிடம் இங்கிலீஷ் என்று எதில் பேச ஆரம்பித்தாலும், கடைசியில் ‘அதுக்கென்ன, பண்ணிக் குடுத்துடலாம்’ என்ற இடத்தில்தான் வந்து நிற்பான். பண்ணிக் கொடுக்க வேண்டியவள் வைஷு.

இருவரும் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், ஒரே காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவர்கள். ஆளுக்கொரு பெரிய கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார்கள். அப்புறம் இரண்டு வீட்டிலும் அப்பாக்கள் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கக் குதிக்க அந்த வேலையை விட்டுவிட்டு, வானவடியில் ஒரு பேக்கரிக்கு மாடியில் அறை எடுத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். அது 2007. பன் வேகும் வாசனையிலேயே அவர்களுடைய நாள் முழுவதும் போகும்.

அவர்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான வாடிக்கையாளர் சின்னதுரை. அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர். மகன் ஒற்றை மினி பஸ்ஸில் ஆரம்பித்து, இன்று புனேயை ஒட்டிய பிம்ப்ரியைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களுக்கு வரிசையாக மஞ்சள் பஸ் விடுகிறார். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ‘துரை டிராவல்ஸ்’ என்று எழுதி, இரண்டு பக்கமும் மயில் வரைந்திருக்கும்.

அவர் சொன்ன பிரச்சினை எளிமையானது. “காலைல ஆறு மணிக்கே போனு அடிக்க ஆரம்பிச்சிரும் தம்பி. ‘பஸ் எங்க வருது? பஸ் எங்க வருது?’ இதே பல்லவிதான். எல்லாத்துக்கும் என் வீட்டுக்காரி பவுன்தான் பதில் சொல்லுதா. போன வாரம் போனைத் தூக்கிக் கெணத்துல போடப் போறேன்னா. பிம்ப்ரியில கெணத்துக்கு எங்க போவன்னு கேட்டதுக்கு என்கிட்ட ரெண்டு நாளா பேசல.”

“அவ்வளவுதானே!” என்று அச்சுதன் தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினான்.

இணையத்தில் வரைபடம் என்பது அப்போது புதுசு. மவுஸைப் பிடித்து இழுத்தால் ஊர் நகரும், சக்கரத்தைச் சுழற்றினால் தெரு பெரிதாகும். அச்சுதன் பிம்ப்ரியைத் தேடி, ரயில் பாலத்தைத் தாண்டி, ஒரு சந்துக்குள் நுழைந்து நிறுத்தினான். சின்னதுரை தன் வீட்டு மொட்டை மாடியையும் அதன் மேலிருந்த தண்ணீர்த் தொட்டியையும் கண்டுபிடித்து, நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“இதுல உங்க பஸ் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும் சார்” என்றான் அச்சுதன். “பஸ்ஸுக்குள்ள, இருக்கற இடத்தைச் சொல்ற ஒரு சின்னப் பெட்டி வெச்சுட்டா போதும். அம்மாக்கள் வீட்டுல உக்காந்தே பார்த்துக்கலாம். சந்தா கட்டினவாளுக்கு மட்டும் பாஸ்வேர்ட். மூலையில உங்க கம்பெனி பேர், மயிலோட.”

மயில் என்றதும் சின்னதுரை கை கொடுத்துவிட்டார்.

அந்த வரைபடத்தைத் தங்கள் இணையப் பக்கத்தில் பயன்படுத்த வேண்டுமானால், வரைபடக் கம்பெனியிடம் பதிவு செய்துகொண்டு ஓர் எண் வாங்க வேண்டும். செலவு கிடையாது. பேர் கொடுத்து, அவர்களுடைய நிபந்தனைகளை ஒப்புக்கொள்வதாக ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். அன்று மத்தியானம் வைஷு அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டிக் அடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“அரே, கீழ போய் டிக் பண்ணு வைஷு. என்ன பண்ணிண்டிருக்கே?”

“படிச்சிண்டிருக்கேன்.”

“இதையா? உலகத்துல யாராவது இதைப் படிப்பாளா?”

“என் பேர் போட்டு ஒப்புத்துக்கறேனே. எதை ஒப்புத்துக்கறேன்னு தெரிய வேண்டாமா?”

அச்சுதன் கீழே பேக்கரிக்குப் போய் இரண்டு பட்டர் பிஸ்கட்டும் டீயும் வாங்கி வந்தான். அவள் டீயைக் குடித்தாள், பிஸ்கட்டைத் தின்றாள், ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. படித்து முடித்தபோது அவள் முகம் சுரத்தில்லாமல் இருந்தது.

“நீ அவருக்குச் சொன்ன எதுவுமே பண்ணக் கூடாதுடா.”

“எதுவுமேன்னா?”

“மூலையில மேப் கம்பெனியோட பேர் இருக்கும். அதை மறைக்கப்படாது. அந்தப் பக்கத்தை யார் வேணும்னாலும் காசு இல்லாம பார்க்கும்படி வெச்சிருக்கணும், அதனால பாஸ்வேர்ட், சந்தா ரெண்டும் கிடையாது. ஓடற வண்டியை மேப்ல தொடரப்படாது. மேப்பை எடுத்து நம்ம கம்ப்யூட்டர்ல சேமிச்சும் வெச்சுக்கப்படாது. ஒரு நாளைக்கு இத்தனை விலாசம்தான் தேடலாம்னு வேற இருக்கு.”

“யார் வந்து பார்க்கப் போறா? அவா எங்கியோ அமெரிக்காவுல உக்காந்திண்டிருக்கா. நாம வானவடியில பேக்கரி மேல இருக்கோம்.”

“பார்க்கலைன்னா மட்டும் சரியாயிடுமா? அவா வருஷக்கணக்கா உழைச்சுப் பண்ணினதைச் சும்மா எடுத்துக்கோன்னு குடுக்கறா. கூடவே நாலு வார்த்தை சொல்றா. அந்த நாலு வார்த்தையைக் கேட்டுட்டுப் போவோமே. இன்னொண்ணு யோசிச்சியா? எல்லாரும் பார்க்கலாம்னு திறந்து வெச்சா, எந்தக் குழந்தை எந்த மூலையில நிக்கறது, பஸ் எப்போ வரும்னு தெருவுல போறவனுக்கெல்லாம் தெரியும். மூடி வெச்சா நிபந்தனை தப்பு, திறந்து வெச்சா குழந்தைகளுக்கு ஆபத்து. ஓடற பஸ்ஸை இதுல காட்டவே வேண்டாம்.”

அச்சுதன் தலையை ஆட்டினான். அது சம்மதத்துக்கான ஆட்டல் என்று வைஷு எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் செய்த பெரிய பிழை அதுதான்.

அவள் டிக் அடித்து எண் வாங்கி, அடக்கமாக ஒரு பக்கம் செய்தாள். அதில் துரை டிராவல்ஸ் எந்தெந்தப் பகுதிகளுக்குப் போகிறது என்பதும், அலுவலகத்துக்கு எப்படி வருவது என்பதும் இருந்தன. மூலையில் வரைபடக் கம்பெனியின் பேர் அதன் பாட்டுக்கு இருந்தது. பார்க்கக் கொஞ்சம் மொட்டையாகத்தான் இருந்தது. ஓடும் பஸ்ஸுக்கு வேறு ஏதாவது வழி யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

சின்னதுரை பஸ் விடும் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைக் காட்டும் நாள் வந்தது. பிரின்சிபால் அம்மா, இரண்டு டீச்சர்கள், புது சஃபாரி தைத்துப் போட்டுக்கொண்டு வந்த சின்னதுரை. அச்சுதன் மடிக் கணினியைத் திறந்தான். திரையில் வந்தது வைஷு செய்த பக்கம் இல்லை.

பாஸ்வேர்ட் கேட்டது. அச்சுதன் ‘துரை123’ என்று தட்டினான். பிம்ப்ரி விரிந்தது. அதில் ஒரு மஞ்சள் பஸ் ஊர்ந்தது. தெருவெங்கும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் வீடு. மூலையில், வரைபடக் கம்பெனியின் பேர் இருக்க வேண்டிய இடத்தில், தோகை விரித்து ஒரு மயில் நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி அதன் தோகைக்கு அடியில் எழுத்தின் வால் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

வைஷு மயிலைப் பார்த்தாள், அச்சுதனைப் பார்த்தாள். எல்லாம் அவள் பேரில் வாங்கிய எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

“வா, சான்!” என்று மராத்தியில் மெச்சினார் ஒரு டீச்சர். சின்னதுரை சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“மேடம், உங்க வீடு எங்கேன்னு சொல்லுங்கோ, காட்டறேன்” என்று அச்சுதன் இந்தியில் கேட்டான். பிரின்சிபால் அம்மா சிஞ்ச்வடில் ஒரு தெருவைச் சொன்னார். அவன் தட்டினான். திரையில் இங்கிலீஷில் ஓர் எச்சரிக்கைக் கட்டம் வந்தது. அதை மூடினான். பக்கத்தை மறுபடி திறந்தான். இந்த முறை ஊர் வரவில்லை. சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாக ஒரு வெட்டவெளி. அதன் நடுவில் பஸ் மட்டும், போக இடம் தெரியாமல், தன்னந்தனியாக நின்றது. மயில் மூலையில் ஜம்மென்று இருந்தது.

சின்னதுரை குனிந்து பார்த்தார். “தம்பி, பிம்ப்ரி எங்க போச்சு?”

அச்சுதன் பக்கத்தை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான். வைஷுதான் பதில் சொன்னாள். “நாங்க இன்னிக்கு அளவுக்கு மேல கேட்டுட்டோம் சார், அதனால மேப் கம்பெனிக்காரா நிறுத்திட்டா. தப்பு எங்க மேலதான்.”

பிரின்சிபால் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வைஷுவைப் பார்த்து மராத்தியில் கேட்டார். “அந்தப் பாஸ்வேர்ட் அத்தனை பெற்றோருக்கும் ஒன்றேதானா? அப்படியானால் ஒருவர் வெளியில் சொன்னால் என் குழந்தைகளின் வீடெல்லாம் தெரிந்துவிடுமே?”

அச்சுதன் மடிக் கணினியை மூடினான். “அப்புறம் வாருங்கள்” என்று அவர் சொன்னது மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் எழுந்து நின்றுகொண்டு சொன்னார்.

படி இறங்கும்போதே சண்டை ஆரம்பித்தது. அன்று காலையிலிருந்தே அச்சுதன் எல்லாக் குழந்தைகளின் விலாசத்தையும் திரும்பத் திரும்ப அனுப்பித் தேடியதில் அன்றைய அளவு தீர்ந்துபோயிருந்தது.

“நாளைக்கு வந்துடும் வைஷு. இல்லேன்னா வேற பேர்ல இன்னொரு எண் வாங்கிக்கலாம். என் பேர், உன் பேர், எங்கப்பா பேர். மாத்தி மாத்திப் போட்டா அளவே தீராது.”

“உங்கப்பா பேர்ல நீ பொய் சொல்லு. என் பேர்ல சொல்லாதே. அந்தக் குழந்தைகள் விலாசத்தையெல்லாம் யாரைக் கேட்டு ஏத்தினே?”

“நீதான் எதுக்கெடுத்தாலும் கூடாது கூடாதுங்கறே! கூடாதுன்னு சொல்லிக் கம்பெனி நடத்த முடியுமா?”

“பொய் சொல்லி மட்டும் நடத்த முடியறதா? இப்போ பார்த்தோமே, பிம்ப்ரியையே காணோம்!”

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துவிட்டான்.

மறுநாள் காலை வைஷு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வானவடியிலிருந்து பிம்ப்ரிக்குப் போனாள். வழியெல்லாம் சின்னதுரையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் கட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு வாடிக்கையாளர், அவரும் இன்றோடு போய்விடுவார். அப்பாவிடம் போய் நிற்க வேண்டும். பழைய கம்பெனிக்கு மறுபடி மனுப்போட வேண்டும். போடலாம், அதனால் ஒன்றும் உயிர் போய்விடாது. ஆனால் சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் அந்த மனிதர் குனிந்து தன் ஊரைத் தேடியதைத்தான் மறக்க முடியவில்லை.

சின்னதுரை வீட்டில் இல்லை. டிரைவர் ஒருவர் லீவு என்று அவரே வண்டி எடுத்துப் போயிருந்தார். பவுன் கை நிறைய உளுந்து மாவோடு கதவைத் திறந்தார்.

“நீதான் கம்ப்யூட்டர் பிள்ளையா? உள்ள வா தாயி. இப்பம் வந்துருவாவ.”

போன் அடித்தது. பவுன் தன் கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். “கொஞ்சம் எடுத்துக் கேளு தாயி. உனக்குத்தான் மராத்தி வருமே.”

வைஷு எடுத்தாள். ஓர் அம்மா, நான்காவது மாடியில் நிற்கிறாள். பஸ் எங்கே வருகிறது, இப்போது இறங்கினால் சரியாக இருக்குமா? பவுன் அடுப்பிலிருந்தபடியே, “ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும், எறங்கச் சொல்லு” என்று குரல் கொடுத்தார். வைஷு வைத்தாள். உடனே மறுபடி அடித்தது. இன்னொரு அம்மாவின் பிள்ளை ஒரு காலில்தான் ஷூ போட்டிருக்கிறான், மற்றதைத் தேட நேரம் இருக்கிறதா? அடுத்தது ஓர் அப்பா, தெருமுனையிலேயே நிற்கிறார், பஸ் போய்விட்டதா, இனிமேல்தானா? இப்படியே வரிசையாக வந்தது. ஒருத்தி இங்கிலீஷில் கத்தினாள், ஒருவர் இந்தியில் குழைந்தார். ஒரு வீட்டில் குக்கர் விசில் கேட்டது, இன்னொரு வீட்டில் பிள்ளை ‘வயிறு வலிக்கிறது’ என்று அழுதது.

கேட்கக் கேட்க வைஷுவுக்கு ஒன்று உறைத்தது. இவர்களில் ஒருவர்கூடக் கம்ப்யூட்டர் முன்னால் இல்லை. அந்த நேரத்தில் யார் வீட்டில் யாருக்கு அதைப் போட்டு, அது விழித்துக்கொள்கிற வரை காத்திருக்கப் பொழுது இருக்கிறது? எல்லார் கையிலும் இருப்பது போன். பஸ் எந்தத் தெருவில் எறும்பாக ஊர்கிறது என்பது யாருக்கும் வேண்டாம். இப்போது இறங்கலாமா, கூடாதா? அது ஒரு வரி எஸ்.எம்.எஸ். அதற்கு வரைபடமே வேண்டாம்!

சின்னதுரை வந்தபோது அவள் கட்டி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயிருந்தன. இருந்ததை இருந்தபடி சொன்னாள். மயிலுக்கு அடியில் என்ன இருந்தது என்பதையும் சொன்னாள்.

அவர் முகம் சிவந்தது. “அப்பம் அன்னைக்குத் தம்பி ஆபீஸ்ல சொன்னதெல்லாம் டுபாக்கூரா?”

“டுபாக்கூர் இல்ல சார். பண்ண முடியும். பண்ணக் கூடாது.”

“ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?”

வைஷு யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து பவுன் குரல் வந்தது. “ஏன், ஸ்கூல் பெர்மிட்டு வண்டில கல்யாணத்துக்கு ஆள் ஏத்தலாமே, நீங்க ஏன் ஏத்த மாட்டேங்கியோ? வண்டி ஓடாதா?”

சின்னதுரை மனைவி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, “சரி, என்னதான் செய்யலாம்? சொல்லு” என்றார்.

அவள் சொன்னாள். பஸ்ஸில் வைக்கிற பெட்டி இருக்கட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாமே போய் நின்று அந்த இடத்தைப் பெட்டியில் குறித்துக்கொள்ளலாம். அது நம்முடைய சொந்தக் குறிப்பு, யாரிடமும் எடுத்தது இல்லை. பஸ் ஒரு நிறுத்தத்தை விட்டதும் அடுத்த நிறுத்தத்து அம்மாக்களுக்கு மட்டும் ‘பஸ் கிளம்பிவிட்டது, கீழே வாருங்கள்’ என்று செய்தி போகும். வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது. வரைபடம் தனியாக, எல்லாரும் பார்க்கிற பக்கத்தில், வழி காட்ட மட்டும் இருக்கும்.

எல்லாம் பிடித்துப்போனாலும் சின்னதுரைக்கு ஒரு குறை தீரவில்லை. “அந்த மேப்பு மூலையில மட்டும் அவிய பேருதான் இருக்கணுமாக்கும்? நம்ம பக்கத்துல அடுத்தவன் பேரா?”

“உங்க பஸ்ஸைப் பண்ணின கம்பெனியோட பேர் முன்னாடி இரும்புல பதிச்சிருக்கே சார். அதைச் சுரண்டியா எடுத்தீங்க? அது பாட்டுக்கு இருக்கு. மயில் பக்கத்துல இருக்கு. அதே மாதிரி மேப்புக்கு வெளியில, மேல, எத்தனை மயில் வேணும்னாலும் போட்டுத் தரேன்.”

“எத்தனை வேணும்னாலுமா?” என்று கேட்டார் சின்னதுரை. பேரம் அதோடு முடிந்தது. பவுன் சூடாக வடையைக் கொண்டுவந்து வைத்தார்.

பேக்கரி மாடிக்குத் திரும்பியபோது அச்சுதன் அங்கே இருந்தான். ஒரு நாள் தாடி. பேசாமல் திரையை அவள் பக்கம் திருப்பினான். மயில் போட்ட பக்கம் இல்லை. குழந்தைகளின் விலாசங்களும் இல்லை. எல்லாவற்றையும் அழித்திருந்தான்.

“பிரின்சிபால் மேடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், அழிச்சாச்சுன்னு” என்றான். “அவா கேட்டப்போ எனக்கு நிஜமாவே பதில் தெரியலை வைஷு. அதான் ரொம்ப மோசமா இருந்தது. சாரி.”

“சரி விடு. வடை இருக்கு, சாப்பிடு.”

வடையைத் தின்றுகொண்டே அவள் சொன்னதைக் கேட்டான். பாதியிலேயே அவன் முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. “அதுக்கென்ன, பண்ணிடலாம்!” என்று எழுந்தான். இந்த முறை உண்மையிலேயே பண்ணினான். பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடுவதற்கு முன் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தம் நிறுத்தமாகக் குறித்தான். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மாவ்ஷிகள் என்ற ஆயாக்கள் அவனுக்கும் சேர்த்து அதட்டல் போட்டார்கள். ஒரு சின்னப் பெண் அவனிடம், “அங்கிள், நீங்க எந்த வருஷம் ஃபெயில் ஆனீங்க?” என்று இந்தியில் கேட்டாளாம். அதை அவனே வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

புதிய ஏற்பாட்டைப் பிரின்சிபால் அம்மாவிடம் இந்த முறை வைஷு விளக்கினாள். எது உண்டு, எது கிடையாது, ஏன் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவர் நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில் உட்கார்ந்தபடியே டீ சொன்னார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரமே மழை கொட்டியது. ரயில் பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீர், இரண்டு பஸ்கள் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. ‘பஸ் தாமதம். குழந்தையை மழையில் நிறுத்த வேண்டாம். கிளம்பியதும் சொல்கிறோம்’ என்று செய்தி போனது. சிறிது நேரத்தில் வைஷுவின் போன் அடித்தது. புது எண். எடுத்தால் பவுன்.

“தாயி, பக்கத்து வீட்டுல இருந்து பேசுதேன். எங்க போனு செத்துப் போச்சு போலுக்கு. இவ்வளவு மழைக்கும் ஒரு தடவகூட அடிக்கல. நீ ஒரு தரம் அடிச்சுப் பாரேன்.”

வைஷு வைத்துவிட்டு அடித்துப் பார்த்தாள்; வீட்டுக்கு ஓடிவந்து பவுனே எடுத்தார். போன் நன்றாகத்தான் இருந்தது. “வேலை செய்யறது அக்கா. அம்மாக்களுக்குக் கேக்க ஒண்ணும் இல்ல, அதான்” என்றாள் வைஷு. “அப்பம் நான் இப்பம் என்ன செய்ய?” என்றார் பவுன், ஏதோ பறிகொடுத்தவர் மாதிரி.

ஆகஸ்டில், ஒரு மத்தியான வேளையில், தளேகாவ் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு தொழிற்சாலை மேலாளர் பேசினார். துரை டிராவல்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். அவர்களுக்கும் தொழிலாளர் பஸ்கள் இருக்கின்றன. திரையில் எல்லாப் பஸ்ஸும் ஓடுவது தெரிய வேண்டும், தொழிற்சாலைக்குள் மட்டும் தெரிய வேண்டும். அச்சுதன்தான் பேசிக்கொண்டிருந்தான். வைஷு வேலையை நிறுத்திவிட்டு அவன் முதுகையே பார்த்தாள்.

“சார், அது இந்த இலவச மேப்புல... ” என்று இந்தியில் ஆரம்பித்தான். நிறுத்தினான். பிறகு இழுத்து, தயங்கி, பல் பிடுங்கப் போகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

“முடியாது சார்.”

மறுமுனையில் அவர் ஏதோ கேட்டார். அச்சுதன் கண்ணைத் திறந்தான். “ஏன்னா சொல்றேன் சார்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வெகு சாவகாசமாக, முதல் நிபந்தனையிலிருந்து ஆரம்பித்தான்.